கரி அணைந்த பிறகும் வேகும் சோறு

போன வருஷம் வைகாசியில் அக்கா மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி, மூன்று ஷிப்ட். இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு அறை. முதல் மூன்று மாசத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டான். காரணம் பெரிய நோய் எதுவும் இல்லை. பி ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து சேர ராத்திரி பதினொன்றரை ஆகும். அந்த நேரத்துக்கு மெஸ் மூடியிருக்கும். திறந்திருப்பது ரோட்டோர ஃப்ரைடு ரைஸ் வண்டி மட்டும்தான். வயிற்று எரிச்சல் என்று போய்ப் பார்த்த டாக்டர் "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா அரூரிலிருந்து போன் பண்ணினாள். "டேய், இவனுக்கு சீக்கிரமா ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வச்சிடலாம்னு இருக்கேன். சமைச்சுப் போட ஆள் இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

பையனுக்கு வயசு 22. "அவனுக்கு வேண்டியது சோறுக்கா. அதுக்கு எதுக்கு இன்னொரு வீட்டுப் புள்ளைய ஓசூருக்கு இழுக்கணும்? நான் ஒரு குக்கர் வாங்கித் தர்றேன்" என்றேன்.

"ஆம்பளப் பையனுக்கு மாமன் சீரா குக்கரா? ஊரே சிரிக்கும்டா."

இந்தக் கடைசி வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடுகல், பழைய பாதை, பழைய சந்தை என்றுதான் எழுதுவேன். ஆனால் அக்கா சொன்னதும் எனக்கு எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீட்டுப் பரண் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயசில் அங்கே ஒரு பித்தளைச் சாமானைப் பார்த்திருக்கிறேன். உயரமான டிபன் கேரியரை ஒரு பெரிய உருளைக்குள் இறக்கிய மாதிரி இருக்கும். அடியில் ஓட்டை போட்ட ஒரு தட்டு. "இது என்ன சார்?" என்று கேட்டதற்கு, "ருக்மணி குக்கர்டா. உங்க டீச்சரம்மா வர்றதுக்கு முன்னாடி எனக்குச் சோறு போட்டது இதுதான்" என்றார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் மலையடிவாரத்து ஊர்களில் தனியாகத் தங்கி வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது அது.

ஆக, ஆம்பளப் பையனுக்கு குக்கர் வாங்கிக் கொடுப்பது நான் கண்டுபிடித்த கோளாறு இல்லை.

ருக்மணி குக்கரின் மூத்த அண்ணன் வங்காளத்தில் பிறந்தது. இந்துமாதவ் மல்லிக் (1869-1917) என்று ஒருவர். டாக்டர், வக்கீல், தத்துவமும் படித்தவர், சீனாவுக்குப் போய்வந்து பயண நூல் எழுதியவர். 1910-ல் அவர் 'இக்மிக் குக்கர்' என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார். சுகாதாரம், சிக்கனம் என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் வால்களை ஒட்டவைத்த பேர் அது. புரி ஜகந்நாதர் கோயிலில் பானைமேல் பானை அடுக்கிப் பிரசாதம் சமைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, அமைப்பு அதுதான். அடியில் கரி. அதற்கு மேல் உருளைக்குள் கொஞ்சம் தண்ணீர். தண்ணீருக்கு மேல் அடுக்கடுக்காகக் கிண்ணங்கள்: அரிசி ஒன்றில், பருப்பு ஒன்றில், காய் ஒன்றில். கரியைப் பற்றவைத்து, மூடியைப் போட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடலாம். கரி தீர்ந்ததும் தானாக அணையும். சாப்பாடு உள்ளே சூடாகவே காத்திருக்கும்.

ஒரு சாப்ட்வேர் ஆளாக எனக்கு இதில் பிடித்தது அந்த அணைகிற விஷயம். டைமர் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. எத்தனை கரி போடுகிறோமோ அவ்வளவு நேரம்தான் தீ. எரிபொருளின் அளவே நிரல். தண்ணீர் வற்றுவதற்குள் கரி தீர்ந்துவிட வேண்டும், கரி தீர்வதற்குள் பருப்பு வெந்துவிட வேண்டும். இந்தக் கணக்கை இரண்டு மூன்று முறை கருக்கிய பிறகு எல்லாரும் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

யாருக்காக இது? கல்கத்தா மெஸ்களில் தங்கி வேலை பார்த்த குமாஸ்தாக்கள், மாணவர்கள், வெளியூருக்கு மாற்றலாகிப் போன ஆட்கள், நெடும்பயணம் போகிறவர்கள். அந்தக் காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் ஊரில் இருப்பார்கள், சம்பளக்காரர் நகரத்தில் இருப்பார். அந்த இடைவெளியில் விற்ற பாத்திரம் இது. தமிழ்நாட்டில் இதே அமைப்பு ருக்மணி குக்கர் என்ற பேரில் புழங்கியது. ரயில் பயணத்துக்கும் தீர்த்த யாத்திரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போன கதைகள் பழைய ஆட்களிடம் நிறைய உண்டு. சமைக்கத் தெரியாத ஆண் பயன்படுத்தப்போகும் பொருளுக்கு ருக்மணி என்று ஒரு பெண் பேர். இதைப் பற்றியே தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

ஆனால் இந்தக் கதையை வெறும் சௌகரியக் கதையாகச் சொன்னால் பாதியை மறைத்ததாகிவிடும். வெளியில் சாப்பிட முடியாது என்பதற்கு அப்போது இரண்டு அர்த்தம் இருந்தது. ஒன்று, காலரா பயமுள்ள காலத்தில் கடைச் சோற்றை நம்ப முடியாது. அது நியாயம். இன்னொன்று, யார் கையால் சமைத்தது என்ற கேள்வி. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அது எடுக்கப்பட்டது. கடைப் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்து சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் மறியல் நடந்தது 1957-ல். பலகை வைத்த ஹோட்டலுக்குள் போகமுடியாதவர்கள் ஒரு பக்கம். அந்த ஹோட்டலையும்கூட நம்பாமல் சொந்தக் கரியில் சொந்தச் சோறு வேகவைத்துக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். சுகாதாரம் என்று விளம்பரம் பண்ணிய பாத்திரத்தை எத்தனையோ பேர் ஆசாரத்துக்காக வாங்கினார்கள்.

எங்கள் தலைமை ஆசிரியர் கதை நேர்மாறு. அவர் போன ஊர்களில் அவருக்கு வீடு தர யோசித்தார்கள், தண்ணீர் கொடுக்க யோசித்தார்கள். ஏன் என்று அவர் விளக்கமாகச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. "சோறு கேட்டு ஒருத்தன் வாசல்ல நிக்க வேண்டியதில்ல பாரு" என்பார். ஒரே பாத்திரம்தான். ஒருவர் கையில் அது ஒதுங்கி நிற்க உதவியது. இன்னொருவரை அது ஒதுக்குகிறவர்களிடமிருந்து காப்பாற்றியது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அந்த ஆசிரியருடைய அப்பா காலத்தில் எங்கள் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை ஓடியது. 1906-ல் திறந்து, பிறகு ஓசூர் வரைக்கும் நீட்டி, 1941-ல் மூடிவிட்டார்கள். ரயில் விடுதிகளில் சாதிப் பிரிவு ஒழிந்த அதே வருஷம் எங்கள் ஊர் ரயிலும் ஒழிந்தது! அந்தப் பாதை இருந்திருந்தால் அக்கா மகன் லீவுக்கு ரயிலேறி வந்திருப்பான். இப்போது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறான். இந்தப் பாதையைப் பற்றித் தனியாக எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது.

இனி மின்சார ஸ்லோ குக்கர். நான் வாங்க நினைத்தது அதைத்தான். அதன் வேரும் அடுப்பு பற்றவைக்க முடியாத ஒரு நிலைமையில்தான் இருக்கிறது. யூதர்களின் ஓய்வுநாளில், அதாவது வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை, தீ மூட்டக் கூடாது. அதனால் கிழக்கு ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸ், இறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட சட்டியை ஊர் ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து ஆறிக்கொண்டே இருக்கும் அடுப்பு. மறுநாள் மதியம் போய் எடுத்தால் 'சோலன்ட்' என்கிற அந்தச் சாப்பாடு தயார். லிதுவேனியாவின் வில்னா நகரத்தில் இப்படிச் சட்டி தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போன கதையை ஒரு அம்மா அமெரிக்காவில் தன் மகனுக்குச் சொன்னார். மகன் இர்விங் நாச்சும்சோன், எஞ்சினியர். அடுப்பு செங்கலால் ஆனது, நாலாபக்கமும் சூட்டைப் பிடித்து மெதுவாக விடுகிறது. அதையே ஒரு பாத்திரத்தைச் சுற்றி மின்கம்பிச் சுருளாகச் சுற்றினால் என்ன என்று யோசித்தார். 1936-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940-ல் கிடைத்தது. பின்னால் பேரையும் நாக்சன் என்று சுருக்கிக்கொண்டார்.

அவர் அதை 'பீனரி' என்ற பேரில் விற்றார். பெரிசாகப் போகவில்லை. 1970-ல் ரைவல் என்ற கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியது. அடுத்த வருஷமே 'கிராக்-பாட்' என்று புதுப்பேர் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். பெட்டி பறந்தது. இந்தியாவில் தனியாக இருந்த ஆணுக்காக விற்ற அதே யோசனை அங்கே வேலைக்குப் போகும் அம்மாவுக்காக விற்றது. இரண்டு இடத்திலும் வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்பதுதான் நிலைமை.

நம் ஊரில் இது ஏன் எடுபடவில்லை? எங்கள் ஆயா ராத்திரி களி கிண்டி முடித்ததும் தணலில் கொள்ளுச் சட்டியை வைத்துச் சுற்றிச் சாம்பலை அணைத்துவிடுவார். காலையில் கொள்ளு மசிந்திருக்கும். வறட்டித் தணலில் பால் நாள் முழுக்கச் சுண்டிச் சிவந்து நிற்கும். ஆக, மெதுவாக வேகவைப்பது நமக்கு அன்னியம் இல்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது பிரஷர் குக்கர். பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் 1959-ல் இந்தியாவில் வந்தன. பிரெஸ்டிஜுக்கு ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டம் என்பதால், அது எங்க ஊர்ச் சாமான் என்று அக்கா உட்பட எல்லாருக்கும் ஒரு சொந்தம்.

எங்கள் பகுதியில் பிரஷர் குக்கர் ஜெயித்ததற்குத் தண்ணீரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் பருப்பின் தோலும் சதையும் இளகாது. கூடவே ஃப்ளோரைடு தொல்லை வேறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணியில் துவரம்பருப்பைப் போட்டுச் சாதாரணப் பானையில் வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மணி நேரம் கழித்தும் பல்லில் கடிபடும். பிரஷர் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. அதற்கு எந்தத் தண்ணியும் ஒரு பொருட்டில்லை, நாலு விசில். அதோடு காலை ஏழு மணிக்கே டப்பா கட்டும் வீட்டில் எட்டு மணி நேரம் வேகும் பாத்திரத்துக்கு என்ன வேலை? 2008-க்குப் பிறகு ஐந்தாறு வருஷம் மின்வெட்டு ஆட்டிவைத்தது ஞாபகம் இருக்கும். அப்போது மின்சாரத்தை நம்பி யார் சட்டி வைப்பார்கள்?

இந்தக் காரணமெல்லாம் அக்கா மகனுக்குப் பொருந்துமா என்று பார்த்தேன். பொருந்தவில்லை. அறையில் கேஸ் அடுப்பு வைக்க வீட்டு ஓனர் விடமாட்டார். இண்டக்ஷன் 1500 வாட் இழுக்கும், அந்த வீட்டு வயரிங்கில் ஒருவன் இஸ்திரி போட்டாலே ஃப்யூஸ் போகிறதாம். விசில் விட்டுச் சமைப்பதென்றால் பதினொன்றரைக்கு வந்து அரிசி கழுவ வேண்டும். மற்றவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

முதலில் தெர்மல் குக்கரை யோசித்தேன். 1867 பாரிஸ் கண்காட்சியில் யோஹான் சோரன்சன் என்ற நார்வேக்காரர் காட்டிய பெட்டியின் வாரிசு அது. கொதித்த பாத்திரத்தை வைக்கோலோ கம்பளியோ அடைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டால் தன் சூட்டிலேயே வேகும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைத்தான் 'சூடாறாப்பெட்டி' என்று வீடுவீடாகப் பரப்பியது. எரிபொருள் கணக்கில் இதை அடித்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஒன்று இருந்தது, சோதித்தேன். மதியம் ஒன்றரைக்குக் கொதிக்க வைத்து மூடிய சோற்றை ராத்திரி பதினொன்றரைக்குத் திறந்து வெப்பமானி வைத்தால் 54 டிகிரி. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருக ஆரம்பிக்கும். மூன்று மணி நேரத்துக்கு அருமையான பெட்டி, பத்து மணி நேரத்துக்கு இல்லை. தவிர, முதலில் கொதிக்க வைக்கவே அவனுக்கு அடுப்பு வேண்டும்.

அப்படித்தான் ஒன்றரை லிட்டர் ஸ்லோ குக்கர் வந்தது. உள்ளே பீங்கான் சட்டி, 120 வாட். ஒரு சீலிங் ஃபேனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒன்பது மணி நேரம் ஓடினாலும் சுமார் 1.1 யூனிட். இண்டக்ஷனில் பிரஷர் குக்கர் இருபது நிமிஷம் வைத்தால் அரை யூனிட்டில் முடிந்துவிடும் என்பதால், கரண்ட் மிச்சம் என்று இதை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். இதில் மிச்சமாவது ஆளின் நேரம்.

பரிசு கொடுக்குமுன் இரண்டு வாரம் என் வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். மனைவி அந்த மூலைக்கு லேப் என்றே பேர் வைத்துவிட்டாள். சோறு தேறவில்லை, பசையாகிவிட்டது. அரிசியும் பாசிப்பருப்பும் போட்ட கிச்சடி பிரமாதம். நாட்டுக்கோழிக் குழம்பு ஏழு மணி நேரத்தில் எலும்பிலிருந்து கழன்றது. கொள்ளு? அரூரிலிருந்து ஒரு கேன் போர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். எட்டு மணி நேரம் கழித்தும் நறநற. குடிக்க வாங்கும் கேன் தண்ணியில் வைத்தால் மசிந்தது. ஆயா எந்தத் தண்ணியில் வேகவைத்தார் என்று யோசித்தால், கிணற்றுத் தண்ணி. அப்போது அவ்வளவு ஆழத்துக்குப் போர் போட்டிருக்கவில்லை. புளியை முதலிலேயே ஊற்றினால் எந்தத் தண்ணியிலும் பருப்பு வேகாது, அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

கொடுக்கும்போது ஒரு தாளில் நாலைந்து விஷயம் எழுதி மூடியில் ஒட்டினேன். அதில் முக்கியமானது ராஜ்மா. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஸ்லோ குக்கரின் அரைச்சூட்டில் அழியாது. ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணியில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான் இதில் போட வேண்டும். அடுப்பில்லாத அவனுக்கு நேரடியாகவே எழுதினேன்: ராஜ்மா வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போடாதே என்பது இன்னொன்று. அப்புறம் கரண்ட் போய் வந்தால் எப்படித் தெரியும்? யூனிட் காட்டும் சின்ன மீட்டர் பிளக் ஒன்றையும் கூடவே கொடுத்தேன். ஒன்பது மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்குக் கிட்டே வராவிட்டால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது, சாப்பாட்டைக் கொட்டிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விசிலே இல்லியேடா" என்றாள். அப்புறம் அவளே ஒரு டப்பா கொள்ளும், வறுத்து அரைத்த மிளகு சீரகப் பொடியும் கட்டிக் கொடுத்தாள். பெண் பார்க்கிற பேச்சை ஐப்பசி வரைக்கும் தள்ளிப்போட்டிருக்கிறாள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

தலைமை ஆசிரியர் வீட்டு ருக்மணி குக்கரை அளந்து படம் எடுத்து இங்கே போடலாம் என்று போன மாசம் அரூர் போயிருந்தேன். வீடு இடித்துக் கட்டும்போது பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அடித் தட்டின் அகலமும், கரி போடும் இடத்தின் ஆழமும் எனக்கு வேண்டும்.

முந்தாநாள் ராத்திரி 11.50-க்கு ஓசூரிலிருந்து வாட்ஸ்அப். தட்டில் கிச்சடி, பக்கத்தில் ஊறுகாய், பின்னால் இன்னும் இரண்டு தட்டு. "மாமா, ரூம்ல எல்லாரும் சாப்பிடுறாங்க, ஒன்றரை லிட்டர் பத்தல" என்று எழுதியிருந்தான். மூன்றரை லிட்டருக்கு எத்தனை வாட் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.